பட்டாம்பூச்சியா, மீ.சி.ம.வா, முந்திரியா? வேற்றினப் பின்னக் கூட்டலுக்கு எந்த வழி?

தக்கலைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். 1/2 + 1/3 என்று வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழே உள்ள எண் வேறுவேறான பின்னங்களை எழுதிப் போட்டால் பாதிப் பேர் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று நீட்டுவார்கள்.

"மக்ளே, அரை பெருசா, ஐந்தில் இரண்டு பெருசா?"

"அரைதான் டீச்சர்."

"அப்போ அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறைஞ்சுது?"

அப்புறம்தான் தலையைச் சொறிவார்கள். ஒன்று சொல்ல வேண்டும், 2/5 முட்டாள்தனமான விடை இல்லை. தூத்தூர்ப் பக்கம் பந்து உதைக்கும் பையனிடம் கேளுங்கள். முதலில் இரண்டு பெனால்டியில் ஒரு கோல், பிறகு மூன்றில் ஒரு கோல் என்றால் மொத்தம் ஐந்தில் இரண்டு என்பான். சரிதானே? ஆனால் அது வேறு கணக்கு. அங்கே முழுசு என்பதே இரண்டு மூன்றாக மாறி மாறி வருகிறது. பின்னக் கூட்டலில் முழுசு ஒன்றுதான்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பட்டாம்பூச்சி, அதாவது குறுக்கே பெருக்குவது. 2/3 + 1/4 என்றால் 2×4 எட்டும் 1×3 மூன்றும் பதினொன்று, கீழே 3×4 பன்னிரண்டு, முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் 5/12 + 7/18 கொடுத்துப் பாருங்கள். 90-உம் 84-உம் கூட்டி 174, கீழே 216. இதைச் சுருக்கி 29/36 என்று கொண்டுவருவதற்குள் பிள்ளை களைத்துவிடும். 1/2 + 1/3 + 1/4 என்று மூன்று பின்னம் வந்தால் இன்னும் மோசம், பட்டாம்பூச்சிக்கு இறக்கை இரண்டுதான். எனக்கு இதில் உண்மையான கோபம் வேறு இடத்தில். இரண்டு மாதம் கழித்துப் பின்னப் பெருக்கல் வரும்போதும் அதே பிள்ளை குறுக்கே கோடு போடும். ஏன் பெருக்கினோம் என்று தெரியாமல் பழகிய கை அது.

பள்ளிக்கூடத்துப் பாதை மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம.: கீழே உள்ள எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண். 12-க்கும் 18-க்கும் 36. பன்னிரண்டு அதில் மூன்று தடவை, பதினெட்டு இரண்டு தடவை. ஆகவே 15/36 + 14/36 = 29/36. எண்கள் சின்னதாகவே இருக்கும், மூன்று பின்னமோ நான்கோ வந்தாலும் கவலையில்லை. சறுக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் பெரிய சறுக்கு. வகுத்து வகுத்து 36-ஐக் கண்டுபிடித்ததும் பிள்ளைக்கு வேலை முடிந்த நிம்மதி வந்துவிடும். கீழே உள்ள பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மேலே உள்ள தொகுதியை அப்படியே வைத்து 5/36 + 7/36 என்று எழுதிவிடும்.

அதனால்தான் நான் முதலில் எடுப்பது மெதுவான வழியை. சமான பின்னங்களை வரிசையாக எழுதச் சொல்வேன்: 5/12, 10/24, 15/36. இன்னொரு வரியில் 7/18, 14/36. கீழே ஒரே எண் வந்ததும் வட்டம் போடு. மேலும் கீழும் சேர்ந்தே நகர்வதால் அந்தச் சறுக்கல் இங்கே வராது. மீ.சி.ம. என்ற பெயரைச் சொல்லாமலே அது வந்து நிற்கும். நோட்டுத் தாள் கொஞ்சம் அதிகம் செலவாகும், அவ்வளவுதான்.

படம் வேண்டுமென்றால் வட்டம் வேண்டாம். தோசையை மூன்றாகச் சமமாகப் பிய்க்கப் பெரியவர்களுக்கே வராது. கட்டம் போட்ட நோட்டில் குறுக்கே மூன்று, கீழே இரண்டு என்று ஆறு கட்டம் வளைத்தால் போதும். பாதி மூன்று கட்டம், மூன்றில் ஒன்று இரண்டு கட்டம், சேர்த்தால் 5/6. பட்டாம்பூச்சி எதற்காகப் பகுதிகளைப் பெருக்குகிறது என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியும்.

தோவாளைப் பூச்சந்தைக் கணக்கும் கைகொடுக்கும். அரைக் கிலோ பிச்சியோடு ஐந்தில் ஒரு கிலோ சேர்த்தால் 500 கிராமும் 200 கிராமும் 700, ஆக 7/10. ஆனால் மூன்றில் ஒரு பங்கு கேட்டால் கிராம் கைவிரித்துவிடும். அதற்குக் கடிகாரம் நல்லது: மூன்றில் ஒரு மணி 20 நிமிடம், கால் மணி 15 நிமிடம், சேர்த்தால் 35, மணிக்கணக்கில் 7/12. எட்டில் ஒன்று வந்தால் கடிகாரமும் ஏழரை நிமிடத்தில் போய் மாட்டும்.

நம் பழைய கீழ்வாய் இலக்கத்தை, அதாவது பின்னங்களுக்குத் தமிழில் இருந்த தனிப் பெயர்களை, இந்த இடத்தில்தான் எடுப்பேன். முந்திரி என்பது 1/320. சொன்னதும் திண்ணையில் சிரிப்பு, முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் அம்மாமார் பிள்ளைகள் உண்டு. காணி 1/80, அதாவது நாலு முந்திரி. மா 1/20, பதினாறு முந்திரி. கால் என்றால் 80 முந்திரி. காலும் மாவும் சேர்ந்தால் 96 முந்திரி, சுருக்கினால் 3/10. மாகாணி என்ற பெயரே ஒரு வேற்றினக் கூட்டல்: மாவும் காணியும் சேர்ந்து இருபது முந்திரி, 1/16. வேற்றினத்தை ஓரினமாக்குவது என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான், எல்லாவற்றையும் ஒரே சில்லறையாக மாற்றி எண்ணுவது.

போன வாரம் ஒருத்தி மடக்கினாள். "அப்போ மூன்றில் ஒன்றுக்கு எத்தனை முந்திரி டீச்சர்?" நான் பதில் சொல்லவில்லை. 320-ஐ மூன்றால் வகுத்து மீதி இரண்டு வர, உதட்டைப் பிதுக்கினாள். பின்வரிசையில் இருந்த பையன், டியூஷனில் வாயே திறக்காதவன், பென்சிலைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "ஒவ்வொரு முந்திரியையும் மூணா உடைக்கணும். 960-ன்னு வச்சா வரும்."