ஒரு வருட முதுமாணியா, இரண்டு வருடமா, நேரே எம்ஃபிலா?

"அண்ணை, எது கெதியா முடியும்?"

பரமேஸ்வராச் சந்தியில் போட்டோக்கொப்பி எடுக்க நின்றபோது, சாவகச்சேரிப் பக்கம் படிப்பிக்கும் தம்பி ஒருவர் கேட்டார். கையில் பட்டச் சான்றிதழின் மூன்று பிரதிகள், இன்னும் உறுதிப்படுத்திக் கையெழுத்து வாங்காதவை. பட்டப்பின் படிப்பு என்று வாயெடுத்தாலே இங்கே முதலில் வரும் கேள்வி இதுதான்.

கடதாசியில் பதில் லேசு. படிப்புகளைப் படிப்படியாக அடுக்கி வைக்கும் இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள். பாடங்களோடு மட்டும் முடியும் ஒரு வருட முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த இரண்டு வருட முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 ஆய்வுக்கே போய்விடும். முதுதத்துவமாணி, அதுதான் எம்ஃபில், 11. கலாநிதி, அதாவது பிஎச்டி, 12. பட்டப்பின் டிப்ளோமா 8இல் நிற்கிறது. டிப்ளோமா முடித்துவிட்டு 'மாஸ்டர்ஸ் மாதிரித்தானே' என்று சொல்லித் திரிபவர்களையும் கண்டிருக்கிறேன். இல்லை, அது வேறு.

ஒரு வருடப் படிப்பை 'சனி ஞாயிறு வகுப்புத்தானே' என்று பதிகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. 30 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம். 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்குக் கிட்டத்தட்ட 29. இரண்டு நாள் வகுப்பில் 12 மணித்தியாலம் போனால், மிச்சம் 17ஐ எங்கே தேடுவது? பள்ளிக்கூடம் விட்டு வந்து, பின்னேர ரியூசனும் எடுத்து, அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருட முதுமாணியிலும் பாடப் பகுதி இப்படித்தான் ஓடும். மாட்டுவது ஆய்வேட்டில். என் கதையைச் சொல்கிறேன். பாடங்களையெல்லாம் நேரத்துக்கு முடித்தேன். நடுவழியில் மேற்பார்வையாளர் வெளிநாடு போனார். மின்னஞ்சல் போட்டுப் போட்டு இருந்தேன். நான் பதிந்திருந்த இடத்தில் காலநீடிப்புக் கடிதம் தவணை முடிய முன்னமே கொடுக்க வேண்டுமாம். நான் போனது முடிந்து பதினொரு நாளில். கவுண்டரில் இருந்தவர் கோவையைத் திறக்கவே இல்லை. "மீள்பதிவுக் கட்டணம் கட்டுங்கோ" என்றார். விதி கைநூலில் இருந்தது. நான்தான் பாடப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டேன்.

எம்ஃபில் வேறு ரகம். முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருடம். வேலையோடு பகுதிநேரமாகச் செய்தால் இன்னும் இழுபடும். நேரசூசி இல்லை, எழுப்ப ஆளும் இல்லை. தலைப்பும் மேற்பார்வையாளரும் கையில் இல்லாமல் விண்ணப்பிப்பது வீண்வேலை. எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் முதலே கேளுங்கள். கலைப் பக்கத்தில் தமிழில் எழுதிய ஆய்வேடுகள் நிறைய உண்டு. விஞ்ஞானம் என்றால் ஆங்கிலம்தான். சில இடங்களில் எம்ஃபில் பதிவையே இடையில் கலாநிதிப் பதிவாக உயர்த்தலாம். அந்த வழி இருந்தால், இரண்டு வருட முதுமாணியை விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? பாடசாலைப் பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் ஒரு வருடம் போதுமா என்று முதலில் வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன். விரிவுரையாளர் ஆசை இருந்தால் 30 கிரெடிட்டை நம்ப வேண்டாம். அங்கே ஆய்வோடு கூடிய இரண்டு வருடப் பட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் கொண்டுவந்திருந்த கைநூலில் காலநீடிப்பு, மீள்பதிவு இருக்கும் இரண்டு பக்கத்தையும் தேடிப் பிடித்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"ஒரே தாளில ரெண்டு பக்கமும் அடிக்கட்டோ?" என்றார் அவர்.