கண்ணாடி, தோடு, நீண்ட ஃபிளைட்: சத்தம் குறைக்கிற ஹெட்செட் எதை வாங்கலாம்?

ஃபிளைட்ல போட நாய்ஸ் கேன்சலிங் ஹெட்செட் எது நல்லதுன்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், கண்ணாடி போடுவீங்களா, தோடு போடுவீங்களா? பிராண்டு, பேட்டரி, பாட்டு எப்படிக் கேக்குதுங்கிறதெல்லாம் அப்புறம். காதைச் சுத்தி அந்த குஷன் சரியா உக்காரலேன்னா எவ்ளோ விலை குடுத்து வாங்கினாலும் பாதி காசு வீண். கண்ணாடிக் காம்பு போற இடத்துல சின்னதா ஒரு இடுக்கு விழுது, அது வழியா இன்ஜின் இரைச்சல் உள்ள வந்துரும். தோட்டுத் திருகாணி காதுக்குப் பின்னாடி அழுத்த ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரத்துல கழட்டிக் கையில வச்சுக்கத் தோணும். எனக்கு ரெண்டுமே உண்டு, சிங்கப்பூர்லேர்ந்து வேலைக்காக ஜகார்த்தா, பேங்காக், சென்னைன்னு அடிக்கடி பறக்குறவ, அதனால ரிவ்யூ வீடியோல யாரும் சொல்லாத இந்த விஷயத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுகிட்டா கடையில ஏமாற மாட்டீங்க. ஹெட்செட்டுக்கு வெளிலயும் உள்ளயும் சின்னச் சின்ன மைக் இருக்கு, அது வெளிச்சத்தத்தைப் பிடிச்சு அதுக்கு நேர் எதிரான அலையை உருவாக்கி உள்ள விடுது, ரெண்டும் சேர்ந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. விடாம ஒரே மாதிரி வர்ற தாழ்ந்த சத்தத்துக்கு, அதாவது இன்ஜின், ஏர்கான் மாதிரி சத்தத்துக்கு, இது அருமையா வேலை செய்யும். பின்சீட்டுக் குழந்தை அழுறதும் பக்கத்து சீட்டு அங்கிள் பேசுறதும் மேல்ஸ்தாயி, திடீர் திடீர்னு வர்றது, அதைத் தடுக்குறது பெரும்பாலும் அந்த குஷன்தான். நான் குஷன் குஷன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். கடையில பாட்டைச் சத்தமா வச்சுக் கேட்டுட்டு "ஆஹா"ன்னு சொல்லிடாதீங்க, பாட்டே போடாம, கண்ணாடியோட, ஏர்கானுக்குக் கீழ போய் நின்னு போட்டுப் பாருங்க. முடிஞ்சா தெரிஞ்சவங்ககிட்ட ஒரு நாள் கடன் வாங்கி எம்ஆர்டி ரயில்ல சுரங்கப் பாதை வழியா ஒரு பயணம் போய்ப் பாருங்க, அதைவிட நல்ல சோதனை இல்ல.

சரி, எது? நான் இப்ப போடுறது போஸ் கொயட்கம்ஃபர்ட் அல்ட்ரா, 2023-ல வந்தது. தலையை இறுக்காம பிடிக்குது, குஷன் மெத்துனு இருக்கு, கண்ணாடிக் காம்பு மேலயும் ஓரளவு படிஞ்சு உக்காருது. எடை சுமார் 250 கிராம், பேட்டரி 24 மணி நேரம். இங்கேர்ந்து நியூயார்க் போற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிளைட் 18 மணி நேரத்துக்கு மேல, அதுக்கே தாங்கும். ஒலி சுத்தி வர்ற மாதிரி ஒரு மோடு இருக்கு, அதைப் போட்டா பேட்டரி 18 மணி நேரமாக் குறையும், ஃபிளைட்ல அதை அணைச்சே வைங்க, எனக்கு அதுல ஒண்ணும் பெருசா ருசிக்கல.

சோனி பக்கம் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5, எக்ஸ்எம்6 ரெண்டும் நிறைய பேரு வச்சிருக்காங்க. பாட்டுக்கு எனக்கு சோனிதான் பிடிக்கும், நாதஸ்வரமும் தவிலும் அதுல கேக்குறப்ப தனி சுகம். பேட்டரி 30 மணி நேரம். ஆனா எக்ஸ்எம்5 மடங்காது, அப்படியே தட்டையா பெரிய டப்பாவுலதான் போகும், ஸ்கூட் மாதிரி மலிவுக் கட்டண விமானத்துல கைப்பை கணக்குப் பாக்குறவங்களுக்கு அது பெரிய இடம். 2025-ல வந்த எக்ஸ்எம்6-ல மறுபடி மடக்குற மாதிரி பண்ணிட்டாங்க, இப்ப புதுசா வாங்குறவங்க அதைப் பாருங்க. இன்னொண்ணு, சோனில நீங்க பேசினா பாட்டு தானா நின்னு வெளிச்சத்தம் உள்ள வர்ற வசதி ஒண்ணு இருக்கு, பாட்டோட சேர்ந்து முணுமுணுத்தாலும் பேசுறீங்கன்னு நெனச்சு நிறுத்திரும், ஆப்ல போய் முதல்லயே அணைச்சிருங்க.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம். போஸை விட நூத்து முப்பது கிராம் கூட. கழுத்து வலி உள்ளவங்க யோசிங்க, அவ்ளோதான் சொல்ல முடியும். காதுக்குள்ள வைக்கிற ஏர்பாட்ஸ் ப்ரோ மாதிரி வகை கண்ணாடி, தோடு பிரச்சினையே இல்லாதது, தலையை ஜன்னல் பக்கம் சாய்ச்சுத் தூங்குறவங்களுக்கும் அதுதான் சௌகரியம், ஆனா இறங்குறப்ப காது அடைக்குமே, அந்த நேரம் கழட்டிருங்க, காதை இறுக்கமா மூடி வச்சா வலி கூடத்தான் செய்யும்.

பேட்டரியைப் பத்தி ஏன் இவ்ளோ பேசுறேன்னா, 2025 ஏப்ரல் 1-லேர்ந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்லயும் ஸ்கூட்லயும் பறக்குறப்ப பவர் பேங்க்ல எதையும் சார்ஜ் பண்ணக் கூடாது. வழியில பாத்துக்கலாம்னு கிளம்புற காலம் போச்சு. இன்னொரு விஷயம் ஒயர். சீட்டுத் திரையில படம் பாக்கணும்னா நிறைய ஃபிளைட்ல இன்னும் ஒயர்தான், சில பழைய விமானத்துல ரெண்டு ஓட்டை உள்ள சாக்கெட் இருக்கும், அதுக்கு ஒரு சின்ன அடாப்டர் வேணும். எக்ஸ்எம்5 பெட்டியில அது வர்றதில்ல. சில சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும், வாங்கி டப்பாவுலயே போட்டு வைங்க.

இப்ப பைலட் விஷயம், இதைத்தான் விரிவா எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா எங்க அண்ணன் மகன் பைலட் பயிற்சிக்குக் கிளம்புறான், வந்து நின்னு "அத்தை, உங்க போஸ் எனக்குக் குடுங்களேன், அதுவும் போஸ்தானே"ன்னு கேட்டான். போஸ்தான், ஆனா அது வேற சாமான். பயணி போடுற ஹெட்செட்ல வாய்க்கு முன்னாடி வர்ற மைக் இல்ல, விமான ரேடியோவுக்குப் பொருந்துற பிளக் இல்ல. பைலட் ஹெட்செட்ல பேட்டரி செத்தாலும் கண்ட்ரோல் டவர் பேசுறது கேக்கணும், அதுதான் அதோட முதல் வேலை, சத்தம் குறைக்கிறது ரெண்டாவது. செஸ்னா மாதிரி சின்ன விமானத்துல ரெண்டு பிளக் உள்ள ஒயர், ஏர்பஸ்ல எக்ஸ்எல்ஆர்னு அஞ்சு பின் உள்ள பிளக், ஹெலிகாப்டர்ல இன்னொண்ணு. எந்த விமானத்துல பயிற்சின்னு பைலட் பயிற்சிப் பள்ளியில கேக்காம வாங்கவே கூடாது.

காது விஷயத்தை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. நம்ம நாட்டு வேலையிடச் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை, 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும், 91-க்குப் போனா ரெண்டே மணி நேரம். புரொப்பெல்லர் வச்ச சின்ன விமானத்துக்குள்ள சத்தம் அந்த அளவைச் சாதாரணமாத் தாண்டும். போன கேட்கும் திறன் திரும்பாது. இருபது வயசுப் பிள்ளைங்க இதைக் காதுல வாங்குறதே இல்ல, பெத்தவங்கதான் எடுத்துச் சொல்லணும்.

இந்தத் தொழில்நுட்பம் பயணிகளுக்கு வர்றதுக்கு முன்னாடியே பைலட்டுக்குத்தான் வந்துச்சு. போஸ் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸ், அவரோட அப்பா வங்காளத்துலேர்ந்து அமெரிக்கா போனவர், 1978-ல சூரிக்லேர்ந்து பாஸ்டன் போற ஃபிளைட்ல குடுத்த ஹெட்ஃபோன்ல இரைச்சல்தான் கேக்குதுன்னு அங்கயே உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சாரு. 1989-ல பைலட்டுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்துச்சு, பயணிகளுக்கான முதல் கொயட்கம்ஃபர்ட் வர 2000 ஆயிருச்சு.

பைலட் ஹெட்செட்ல இன்னிக்கு மேல்தட்டுல இருக்குறது போஸ் ஏ30, 2023-ல வந்தது, எடை சுமார் 400 கிராம், அமெரிக்காவுலயே 1,200 டாலருக்கு மேல. அதுக்குப் போட்டி லைட்ஸ்பீட் டெல்டா சூலு, அதுல கார்பன் மோனாக்சைடு வாயு கசிஞ்சா எச்சரிக்கிற சென்சார் உள்ளயே இருக்கு, பிஸ்டன் இன்ஜின் விமானத்துல ஓட்டுறவங்களுக்கு அது வெறும் அலங்காரம் இல்ல, உயிர் காக்குற விஷயம். இன்னொரு பக்கம் டேவிட் கிளார்க் எச்10-13.4, பச்சைக் கலர்ல பாத்திருப்பீங்க. எலக்ட்ரானிக்ஸா சத்தம் குறைக்கிறது கிடையாது, குஷனும் கப்பும் மட்டுமே அடைக்குது, விலை ஏ30-ல பாதி கூட இல்ல, பாகம் பாகமா மாத்தி வருஷக்கணக்குல ஓட்டலாம். தலையைக் கொஞ்சம் இறுக்கும், ஆஸ்திரேலியாவுல பெர்த் பக்கம் பைலட் பயிற்சி நடக்குற ஜாண்டகாட்ல வெயில் காலத்துல அதைப் போட்டுட்டு உக்காந்தா வேர்க்கும்தான்.

என் தீர்ப்பு என்னன்னா, பயிற்சிக்குப் போற பிள்ளைக்கு டேவிட் கிளார்க் போதும். ஏர்லைன்ல சேர்ந்தப்புறம் ஜெட் காக்பிட் செஸ்னா அளவுக்கு இரைச்சல் கிடையாது, அங்க போஸ் ப்ரோஃபிளைட் மாதிரி 130 கிராம் கூட இல்லாத லேசான ஹெட்செட்தான் பல பேரு போடுறாங்க, பிளக்கும் மாறிரும். ஏ30-க்கு ஆயிரத்து ஐநூறு வெள்ளிக்கு மேல இப்பவே கொட்டிட்டு அப்புறம் மறுபடி வாங்குறதுல என்ன இருக்கு? இல்ல, சத்தம் குறைக்கிறதுதான் வேணும்னா சீனியர்ங்க விக்கிற, ஏ30-க்கு முந்தின போஸ் ஏ20 கிடைக்குதான்னு தேடுங்க, காது குஷனை மட்டும் புதுசா மாத்திக்கலாம். அப்புறம், இரைச்சல் அடங்குனா எச்சரிக்கை ஒலியும் அமுங்கலாம்னு அமெரிக்க விமானத் துறையே பைலட்டுங்களுக்குச் சொல்லி வச்சிருக்கு, அதனால புது ஹெட்செட்டைத் தரையில இன்ஜின் ஓடுறப்பவே பயிற்றுநரோட சேர்ந்து சோதிச்சுப் பாக்கணும்.

வாங்குற இடம். பயணிகளுக்கான வகைன்னா பெரிய கடைங்கள்ல டெமோ வச்சிருப்பாங்க, அடெல்ஃபி கடைத்தொகுதியில ஆடியோ கடைங்கள்ல இருக்குறவங்க நிதானமாக் கேக்க விடுவாங்க, முஸ்தபாவுல விலை பாக்கலாம். சாங்கி ஏர்போர்ட்ல போர்டிங்குக்கு முன்னாடி அவசரமா மட்டும் வாங்காதீங்க, இருபது நிமிஷமாவது தலையில இருக்கணும், வலி அப்பதான் தெரியும். கடையில வாங்கினா 2012-லேர்ந்து இருக்குற லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கினவங்களைக் காக்குற சட்டம், துணைக்கு வரும், ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்குறப்பவே இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க. பழைய சாமான் வாங்கி விக்கிற கரோசல் ஆப்ல தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தப் பாதுகாப்பு கிடையாது, போலி வேற நிறைய சுத்துது, நேர்ல பாத்து ஹெட்செட்டோட ஆப்ல இணைச்சுப் பாத்துட்டுக் காசு குடுங்க. நம்ம ஊரு ஈரக் காத்துக்கு குஷன் மேல் தோல் உரியுறது சகஜம், அதனால நீங்க எடுக்குற மாடலுக்கு மாத்துக் குஷன் இங்க கிடைக்குமான்னு அன்னிக்கே கேட்டுக்கங்க.