எஸ்எச்பி2 வாங்கும்போது: முழுப்புரதமா, வெட்டிய துண்டா?

எஸ்எச்பி2 என்பது புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் ஒரு மனித நொதி (பாஸ்பட்டேஸ்). ஆய்வகங்களுக்காக அதை மறுசேர்க்கை முறையில் (அதன் மரபணுவை வேறொரு உயிரணுவுக்குள் வைத்து) செய்து விற்பவர்களின் பட்டியலைப் பார்த்தால், ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று சரக்கு இருக்கும். வினையூக்கப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த துண்டு ஒன்று. 593 அமினோ அமிலங்கள் கொண்ட முழுப்புரதம் இன்னொன்று. அதே முழுப்புரதத்தில் இ76கே என்ற திரிபு உள்ளது மூன்றாவது. ஒரு மைக்ரோகிராமுக்கு எத்தனை யூனிட் (நொதியின் செயல்வேக அளவு) என்று மட்டும் பார்த்தால் துண்டுதான் லாபம் என்று தோன்றும். அந்தக் கணக்கை நம்பி வாங்குவது தவறு என்பது என் கட்சி.

காரணம் இந்தப் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்பக்கம் இரண்டு எஸ்எச்2 பகுதிகள், அடுத்து வினையூக்கப் பகுதி, கடைசியில் ஒரு வால். சும்மா இருக்கும் நிலையில் முதல் எஸ்எச்2 பகுதி வினைமையத்துக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போல அடைத்துக்கொள்கிறது. 1998இல் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. பாஸ்பேட் ஏறிய டைரோசின்கள் (ஒருவகை அமினோ அமிலம்) உள்ள பெப்டைடு, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலி, வந்து எஸ்எச்2 பகுதிகளில் ஒட்டினால்தான் அடைப்பு விலகும். துண்டில் அடைக்க எதுவுமே இல்லை. அதனால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. யூனிட் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

துண்டு பயனற்றது என்று சொல்லவில்லை. ஈ.கோலையில் தாராளமாக விளையும், கையாளவும் எளிது. ஒரு சேர்மம் வினைமையத்தைத்தான் தாக்குகிறதா, பிடிபி1பி போன்ற உறவுக்கார நொதிகளையும் சேர்த்துத் தாக்குகிறதா என்று பார்க்க அது போதும். மாணவர்களுக்கு நொதி வேகவியல் சொல்லிக்கொடுக்கவும் அதுவே வசதி.

ஆனால் புதிய தடுப்பான் தேடுபவர் துண்டோடு நின்றால் முக்கியமானதைத் தவறவிடுவார். இந்தக் குடும்பத்து நொதிகளின் வினைமையம் நேர்மின்னேற்றம் கொண்டது. அதற்குப் பொருந்தும் சேர்மங்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும், செல்லுக்குள் எளிதில் நுழையாது. எஸ்எச்பி2 மருந்துக்கு மசியாத இலக்கு என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது இதனால்தான். 2016இல் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்எச்பி099 என்ற தடுப்பான் வேறு வழியில் போனது. மூன்று பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் உள்ள பொந்தில் அமர்ந்து, புரதத்தை மூடிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. முழுப்புரதத்தின் மீது அதன் ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவு) சுமார் 0.07 மைக்ரோமோலார். துண்டின் மீது வேலையே செய்யாது. துண்டை மட்டும் வைத்துச் சேர்மங்களைச் சலித்திருந்தால் அந்த மூலக்கூறு குப்பைக்குப் போயிருக்கும்.

இ76கே திரிபில் 76ஆவது இடத்து குளூட்டமேட்டுக்குப் பதில் லைசின் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் காணப்படும் திரிபு இது. பெப்டைடு இல்லாமலே திறந்து கிடக்கும். எஸ்எச்பி099 இதன் மீது மிகவும் பலவீனமாகத்தான் வேலை செய்கிறது. ஆக, கிடைத்த சேர்மம் மூடிய நிலையைப் பிடிக்கும் வகையா என்று சரிபார்க்க நல்ல எதிர்ச்சோதனை. ஆனால் முதலில் வாங்க வேண்டிய சரக்கு அல்ல.

டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க அதன் நுனியில் ஒட்டும் இணைப்பு) விஷயத்தில் எனக்குச் சில ஹிஸ்டிடின்கள் மட்டுமே கொண்ட ஹிஸ் டேக்தான் பிடிக்கும். ஜிஎஸ்டி என்ற புரத டேக் 26 கிலோடால்டன் எடை, அதுவும் இரட்டையாகச் சேரும் குணம் உடையது. பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதையே ஆராயும்போது அந்தச் சுமை எதற்கு?

அடுத்தது சப்ஸ்ட்ரேட், அதாவது சோதனையில் நொதி பாஸ்பேட்டைக் கழற்றும் பொருள். பிஎன்பிபி என்ற சேர்மம் மலிவு, 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறத்தை அளந்தால் போதும். ஆனால் மில்லிமோலார் அளவில் ஊற்ற வேண்டும், மஞ்சள் நிறச் சேர்மங்கள் கணக்கைக் கெடுக்கும். டிஃப்மப் என்ற இன்னொரு சேர்மம் பாஸ்பேட் கழன்றதும் ஒளிர்வதால் மைக்ரோமோலார் அளவே போதும், நொதியும் மிச்சம். விடுபட்ட பாஸ்பேட்டை நிறத்தால் அளக்கும் மாலகைட் கிரீன் முறையில் நிஜமான பாஸ்போபெப்டைடையே சோதிக்கலாம். அப்போது பாஸ்பேட் பஃபர் பக்கமே போகக்கூடாது. சலிப்பு வேலைக்கு நான் டிஃப்மப்பைத்தான் எடுப்பேன்.

எதை வாங்கினாலும் டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மம்) வேண்டும். வினைமையத்துச் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி படுத்துவிடும். அதே டிடிடி சில சேர்மங்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, பொய்யான தடுப்பான்களைக் காட்டும். சந்தேகம் வந்தால் அந்தப் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடுப்பு காணாமல் போனால் அந்தச் சேர்மத்தைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முழுப்புரதம், டேக் சின்னதாக. கூடவே பெப்டைடுக்கும் பணம் ஒதுக்க வேண்டும், அது இல்லாமல் முழுப்புரதம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆர்டர் போடும்போது இரண்டு டைரோசினிலும் பாஸ்பேட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் இருப்பது அரைகுறையாகத்தான் திறக்கும்.