2011 மாடல் டீசல் பிக்கப்பு, பின்னாடி ஒன்றரை டன் வீடு: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

"இழுக்குமா?" இதுதான் எல்லாரும் கேக்கற மொத கேள்வி. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து டீக்கடையில கேட்டாங்க, எடை மேடைக்காரரு கேட்டாரு, என் பொண்டாட்டி கேட்டா, காசு வாங்கிட்டு இந்த வீட்டு டிரெய்லரை (உள்ள தங்கற மாதிரி கட்டி, பிக்கப்பு பின்னாடி மாட்டி இழுக்கறது) என் தலையில கட்டுன பெங்களூருக்காரரே கூட கடைசியில "இழுக்கும்ல சார்?"னு கேட்டாரு. நிக்குமான்னு கேட்டது ஒரே ஒரு ஆளு. காவேரிப்பட்டணத்துல டிராக்டர் ஓட்டற எங்க மாமா. அப்ப நான் சிரிச்சேன், தருமபுரி தாண்டி சேலம் போற ஹைவேயில வர்ற தொப்பூர் மலை இறக்கத்துல அந்த சிரிப்பெல்லாம் போயிடுச்சு, அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல வண்டி. ரெட்டை கேபின் பிக்கப்பு, ரெண்டு லிட்டருக்கு மேல டர்போ டீசல், அஞ்சு கியர், ரெண்டு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினது. எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, இது கம்பெனியை திட்டற ரிவ்யூ இல்ல, இத்தனை வருஷம் ஓடின எந்த பிக்கப்பை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான் வரும். டிரெய்லரு ஒத்த ஆக்ஸில் (ஒரே அச்சு), உள்ள ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, ஒரு கைகழுவற தொட்டி, அவ்ளோதான், சினிமாவுல காட்டற மாதிரி ஏதும் கிடையாது. வாங்கறவங்க ஒண்ணு மட்டும் பாருங்க, டிரெய்லருக்கும் தனியா ஆர்.சி. இருக்கணும், நம்பர் இருக்கணும், சட்டப்படி அதுவும் தனி வண்டிதான். ஆர்.சி. இல்லாம விக்கறவங்க "தோட்டத்துக்குள்ள தானே சார் நிறுத்தப்போறீங்க"ன்னு பேசுவாங்க, கேக்காதீங்க.

கொக்கி மாட்டறதுல மொத சறுக்கல். நம்ம ஊர்லயே ஒரு வெல்டிங் பட்டறையில விட்டேன், பேரு வேணாம், அந்த ஆளு ஒரே மதியத்துல பின் பம்பருல ரெண்டு ஆங்கிளை வெச்சு பத்தவெச்சு பெயிண்டும் அடிச்சு குடுத்துட்டாரு. பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் துடைக்கும்போது பாக்கறேன், வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால கீறிப் பாத்தேன், பெயிண்டு உரியல, இரும்பே விட்டிருக்கு. பம்பருங்கறது தகரம்ங்க, அது முட்டுனா நசுங்கறதுக்கு வெச்சது, ஒன்றரை டன்னை தொங்கவிடறதுக்கு இல்ல. அப்புறம் தருமபுரி பக்கம் டிப்பர் வேலை செய்யற ஒரு பட்டறைக்கு போனேன். அந்த அண்ணன் பம்பரை தொடவே இல்ல, சேஸிஸ் கட்டை, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, ரெண்டு பக்கமும் பிளேட்டு குடுத்து, பக்கத்துக்கு நாலு போல்ட்டு, ஒவ்வொரு போல்ட்டு தலையையும் திருப்பி அதுல இருக்கற பல நம்பரை என்கிட்ட காட்டி "8.8னு இருக்குதா பாத்துக்கங்க சார், இது இல்லாத போல்ட்டு போட்டா நான் ராத்திரி தூங்கமாட்டேன்"னாரு. சேஸிஸோட மேல் மடிப்புலயும் கீழ் மடிப்புலயும் ஓட்டை போடமாட்டேன், பலமே அங்கதான் இருக்கு, நடுப்பகுதியிலதான் போடுவேன்னும் சொன்னாரு. ரெண்டு நாள் எடுத்துக்கிட்டாரு, மொத ஆளைவிட மூணு மடங்கு காசு, ஒரு பைசா வருத்தம் இல்ல. கொக்கிக்கு கீழ பாதுகாப்பு சங்கிலி ரெண்டையும் குறுக்கால மாட்டச் சொன்னதும் அவருதான், கொக்கியில இருக்கற இரும்புக் குண்டுல இருந்து டிரெய்லரு கழண்டா அதோட மூக்கு ரோட்டுல குத்தாம அந்த சங்கிலி மேல தொட்டில் மாதிரி உக்காரும்.

அப்புறம் அந்த ஆட்டம். மொத தடவை கிருஷ்ணகிரி தாண்டி ஹைவேயில அறுபது வரைக்கும் பூ மாதிரி வந்துச்சு, எழுபதை தொட்டதும் பின்னாடி யாரோ வால் புடிச்சு ஆட்டற மாதிரி. ஸ்டியரிங்கை திருப்பி சரி பண்ணப் பாத்தா இன்னும் அதிகமா ஆடுது, ஒரு பஸ்ஸு பக்கத்துல போனதும் அந்தக் காத்துல மொத்த வண்டியும் ஒரு உலுக்கு உலுக்குச்சு. ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா இறுக்கி புடிச்சு சும்மா இருந்தேன், தானா அடங்குச்சு. அந்த நேரத்துல சடக்குனு பிரேக்கு அடிச்சிருந்தா இந்த ரிவ்யூ வந்திருக்காது.

காரணம் என்னன்னு எடை மேடையிலதான் தெரிஞ்சுது. டிரெய்லரை தனியா ஏத்தினா 1,460 கிலோ. அப்புறம் பிக்கப்புல மாட்டி, பிக்கப்பை மேடைக்கு வெளிய நிறுத்தி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடை மேல இருக்கற மாதிரி வெச்சா 1,390. வித்தியாசம் 70, அதுதான் கொக்கி மேல உக்கார்ற எடை. மொத்தத்துல அஞ்சு சதவீதம்கூட இல்ல. அமெரிக்காக்காரங்க பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் மூக்குல உக்காரணும்னு கணக்கு வெச்சிருக்காங்க, ஐரோப்பாவுல அதைவிட கம்மியா வெப்பாங்க, ஆனா என் டிரெய்லருக்கு அஞ்சு பத்தல, மூக்கு லேசா இருந்தா வாலு ஆடும். தண்ணி டேங்க்கு பின்னாடி கடைசியில இருக்கு, 90 லிட்டர் ரொப்பியிருந்தேன், 90 லிட்டர்னா 90 கிலோ, சும்மாவா? இன்வெர்ட்டர் பேட்டரியும் கட்டிலுக்கு அடியில பின்பக்கம். டேங்க்கை காலி பண்ணினேன், தண்ணியை போற எடத்துல புடிச்சுக்கலாம், பேட்டரியை முன்னாடி கொண்டு வந்து கட்டினேன். மறுபடி மேடை: மொத்தம் 1,370, சக்கரம் மட்டும் 1,210, மூக்குல 160. அன்னைக்கு சாயங்காலமே ஓட்டிப் பாத்தேன், எழுபதுல ஸ்டியரிங்கு கம்முனு இருக்கு. எடை மேடைக்காரரு "நாலு தடவை போட்டுட்டீங்க, உள்ள என்னதான் சார் ஏத்தறீங்க"ன்னாரு. வீடுண்ணான்னேன். நம்பல, திறந்து காட்டச் சொன்னாரு. (கட்டில்ல உக்காந்து பாத்துட்டுதான் எறங்கினாரு, ரசீதுக்கு அம்பது ரூபா குறைச்சுக்கிட்டாரு.) ஒண்ணு, மூக்குல எடை ஏறினா பிக்கப்போட பின்பக்கம் உக்காரும், எனக்கு கமான் பட்டையில (பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை) ஒரு பட்டை சேத்து கட்டவேண்டி வந்துச்சு, இல்லன்னா ராத்திரியில ஹெட்லைட் எதிர்ல வர்றவன் மூஞ்சியில அடிக்கும்.

இப்ப தொப்பூர். ஓமலூர் பக்கம் சித்தி வீட்டு தோட்டத்துக்கு கிளம்பினோம், நூறு கிலோமீட்டர்கூட வராது. ஏப்ரல் மாசம், தருமபுரி வெயில் எப்படி இருக்கும்னு நான் சொல்லவேண்டியதில்ல. பாளையம் டோல்கேட் தாண்டினதும் இறக்கம் ஆரம்பிக்கும், நம்ம ஏரியாவுல எல்லாருக்கும் அந்த எடம் தெரியும், எத்தனை லாரி கவுந்திருக்கும்னு பேப்பர்ல படிச்சுப் படிச்சு நமக்கே மரத்துப்போச்சு, டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல இறக்கி பிரேக்கு புடிக்காம போறதும் அதுக்கு ஒரு காரணம். நான் நியூட்ரல் போடல, அந்த மட்டும் புத்தி இருந்துச்சு. ஆனா நாலாவது கியர்ல, அம்பதுல, பிரேக்கு மேல காலை லேசா வெச்சுக்கிட்டே இறக்கினேன், "மெதுவாத்தானே போறோம்"னு ஒரு நினைப்பு.

என் டிரெய்லர்ல இருக்கறது தள்ளு பிரேக்கு. அதாவது முன்வண்டி வேகம் கொறைஞ்சா டிரெய்லரு முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளுல கொக்கிக்கு பின்னாடி இருக்கற தண்டு உள்ள போகும், அது கேபிளை இழுத்து டிரெய்லரோட டிரம் பிரேக்கை புடிக்கும். கரண்ட்டு, ஒயரு எதுவும் வேண்டாம், சமதரையில அருமையான ஏற்பாடு. இறக்கத்துல என்ன ஆகும்னா, டிரெய்லரு முழு நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும், பிரேக்கும் முழு நேரமும் உரசிக்கிட்டே இருக்கும். கால்வாசி இறக்கத்துல ஒரு வாசனை வந்துச்சு, பழைய கிளட்ச் கருகுன மாதிரி, பொண்டாட்டி "ஏங்க, ஏதோ தீயற மாதிரி இருக்குங்க"ன்னா, முன்னாடி போற லாரிதான்னு சொன்னேன். அடுத்த வளைவுல பெடலை அமுக்கறேன், எப்பவும் நிக்கற எடத்தை தாண்டி கீழ போகுது. பஞ்சை மிதிச்ச மாதிரி. வண்டி வேகம் கொறையுது, ஆனா நான் கேட்ட அளவுக்கு கொறையல.

மூணாவதுக்கு இறக்கினேன், இஞ்சின் ஒரு கத்து கத்துச்சு, ரெண்டாவதுக்கு போனேன், அப்பத்தான் வண்டி கைக்குள்ள வந்துச்சு. அகலமா ஒரு எடம் பாத்து ஓரங்கட்டி, சக்கரத்துக்கு கல்லு வெச்சுட்டு இறங்கினா டிரெய்லர் டிரம்முல இருந்து வெள்ளைப் புகை. தண்ணி ஊத்தலாம்னு கேனை எடுத்தேன், பக்கத்துல நிறுத்தியிருந்த ஆந்திரா லோடு லாரி டிரைவரு, நம்ம சேலத்துக்காரருதான், ஓடிவந்து கையை புடிச்சுட்டாரு. "ஊத்தாத தம்பி, டிரம்மு விரிசல் விட்டுரும், தானா ஆறட்டும்." முக்கா மணி நேரம் உக்காந்தோம். அவருதான் சொன்னாரு, ஏறும்போது எந்த கியர்ல ஏறுவியோ இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கை தேய்ச்சுக்கிட்டே வராம ஒரு மிதி மிதிச்சு வேகத்தை கொறைச்சுட்டு விட்டுரு, ஆறட்டும், மறுபடி மிதி. இருபது வருஷமா அந்த ரோட்டுல போறவரு, இதுக்கு எந்த டிரைவிங் ஸ்கூலும் பக்கத்துல நிக்காது.

ஊருக்கு வந்து மெக்கானிக்கு கிட்ட விட்டப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுது, பிக்கப்போட பிரேக்கு ஆயிலு மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல, டீ டிகாஷன் கலர்ல வந்துச்சு. அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஈரம் சேர சேர சீக்கிரம் கொதிக்கும், கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி, ஆவியை அமுக்கினா பெடல் பஞ்சாத்தான் இருக்கும். ஆக தப்பு வண்டி மேல இல்ல, என் மேலதான். ஆயிலு, பேடு, பின் ஷூ, டிரெய்லர் ஷூ எல்லாம் புதுசு போட்டேன். அதுக்கப்புறம் அஞ்சு தடவை தொப்பூர் இறங்கிட்டேன், ரெண்டாவது கியரு, சில எடத்துல மூணாவது, பின்னாடி ஹாரன் அடிக்கறவன் அடிச்சுக்கட்டும்.

ஏத்தம் பத்தி சொல்லவே பெருசா ஒண்ணும் இல்ல, பழைய டர்போ டீசலுக்கு அது விளையாட்டு, 1,800 ஆர்பிஎம்முக்கு மேல வெச்சிருந்தா முக்கிக்கிட்டு ஏறிடும். சூடு மட்டும்தான். ரெண்டு தடவை முள்ளு முக்காலுக்கு மேல போச்சு, ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுசா போட்டுட்டேன். ஏப்ரல்ல, தருமபுரியில, ஹீட்டரு. பசங்க என்னை பைத்தியக்காரனை பாக்கற மாதிரி பாத்தாங்க, ஆனா முள்ளு இறங்குச்சு, ஹீட்டருங்கறது உள்ள இருக்கற ரெண்டாவது ரேடியேட்டரு மாதிரிதான். மேல வந்ததும் உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிடுங்க, டர்போ ஆறணும். மைலேஜ் சும்மா போனா 12, டிரெய்லரோட ஏழரை. கிளட்ச் ஒரு தடவை மாத்தியாச்சு.

டோல்கேட் தனிக் கதை, ஒரு எடத்துல பிக்கப்பையும் டிரெய்லரையும் சேத்து மூணு ஆக்ஸில்னு சண்டை, அடுத்த எடத்துல ஒண்ணும் கேக்கல, கேக்காத எடத்துல நானும் கேக்கல.

ரிவர்ஸ்தான் எனக்கு இன்னும் வரல. மொத நாள் மாமா தோப்புல டிரெய்லரை விடணும், மாமரத்துக்கு நடுவுல ஒரு சந்து, நான் அரை மணி நேரமா முன்ன பின்ன ஆட்டறேன், இந்தப் பக்கம் திருப்பினா அது அந்தப் பக்கம் போகுது, போதாக்குறைக்கு பின்னாடி தள்ளினா சக்கரம் நகராம மண்ணை அரைக்குது. மாமா துண்டை உதறி தோள்ல போட்டுட்டு வந்தாரு. கொக்கிகிட்ட குனிஞ்சு பாத்தாரு. "மாப்ள, நீ பின்னாடி தள்ளினா அது பிரேக்குன்னு நினைச்சுக்குதுடா, இந்த லீவர் எதுக்கு இருக்குது?" தண்டு உள்ள போகாம தடுக்கற லீவரு, மாமா சொல்லலன்னா ஒரு வருஷம் அதை நான் ஜாக்கி புடின்னு நினைச்சுட்டு இருந்திருப்பேன். அதை மடிச்சு போட்டாரு, சீட்டுல ஏறினாரு, பின்னாடி திரும்பி தலையை வெளிய விட்டுக்கிட்டு ஒத்தக் கையில ஸ்டியரிங்கு, ஒரே தள்ளு, ரெண்டு மரத்துக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி நிறுத்திட்டாரு. மாங்கா சீசன்ல மாம்பழக் கூழ் பேக்டரி வாசல்ல லோடு டிப்பரை தள்ளித் தள்ளி பழகின கை, அதுகிட்ட நான் போட்டி போட முடியுமா.

அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னா இழுக்கறதுக்கு நாலரை, நிறுத்தறதுக்கு (எல்லாம் புதுசு போட்ட பிறகு) மூணு, கூரை எரவானம் மாதிரி ஒழுகின டிரெய்லர் ஜன்னலுக்கு ஒண்ணு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கற வளைவுக்கு இதை கொண்டு போகமாட்டேன், ஏற்காடு நினைச்சுக்கூட பாக்கமாட்டேன். இப்பத்திக்கு டிரெய்லரு எங்கயும் போகல, பெங்களூரா ரக மாங்கா அறுக்கற வரைக்கும் ராக்காவலுக்கு வேணும்னு மாமா கேட்டாரு, தோப்புலயே நிக்குது. சாவி அவருகிட்ட.