கடாரமா, மதுரையா: இளையோர் சாகச நாவலுக்கு எந்தக் களம்?

பதினைந்து வயது வாசகருக்கு இடைக்கால சாகச நாவல் எழுத உட்கார்ந்தால், 1025-இல் ராஜேந்திர சோழன் நடத்திய கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்புதான் முதலில் கண்ணில் படும். கடல், அந்நியக் கரை, யானைகள் எல்லாம் தயார். மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசனைப் புகழும் பகுதி, அவன் கைப்பற்றிய ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. கப்பலில் இருந்த சாதாரண ஆட்களைப் பற்றி மூச்சே விடுவதில்லை. கற்பனைக்குத் தாராளமான இடம். ஆனால் பேரரசு வெல்லப்போவது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாவலின் நாயகனான நம் பையன் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான்.

1311 மதுரை அப்படியல்ல. குலசேகர பாண்டியன் இறந்தபின் அவன் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்கு அடித்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வந்து நிற்கிறது. யாரை நம்புவது என்பதே சிக்கல். பாண்டியர்கள் குதிரைகளை அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள்; பராமரிக்கத் தெரியாமல் பல செத்தன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியரின் துறைமுகமான காயலில் குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் அண்ணன், தம்பி இரு தரப்புக்குமே அவள் தேவை. என் ஓட்டு அவளுக்குத்தான்.

ஒன்று மட்டும்: இதை மதப்போராகச் சுருக்கிவிடாதீர்கள். பாண்டியனுக்குக் குதிரை விற்ற வணிகர்களும் முஸ்லிம்கள்தான்.