கிளீனிங் தொழில்ல தனியா தெரியணும்னா எது ஒர்க் அவுட் ஆகும்: ரேட்டா, மெஷினா, உப்புக்கறையா?

கிருஷ்ணகிரி ரவுண்டானால இருந்து பழையபேட்டை வரைக்கும் கரண்ட் கம்பத்தைப் பாத்துக்கிட்டே போங்க, எங்கயாவது ஒரு கிளீனிங் நோட்டீஸ் கண்ணுல படும். எல்லாத்துலயும் அதே மஞ்சள் கிளவுஸ், அதே சோப்பு நுரை, அதே "வீடு, ஆபீஸ், சோபா, சம்ப், கிச்சன் அனைத்தும் சுத்தம் செய்து தரப்படும்". போன் நம்பரை மட்டும் மாத்தி ஒட்டிட்டா எது யாரோடதுன்னு ஒட்டுனவனுக்கே தெரியாது. அதுல ஒண்ணு என்னோடது, ஏழு வருஷமா ஓடுது.

தர்மபுரில இருக்கற மாமா பையன் போன வாரம் போன் போட்டான். "மச்சான், நானும் கிளீனிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ஆனா இங்க ஏற்கனவே ஏகப்பட்ட பேர் பண்றாங்க, நான் எப்படி தனியா தெரியறது, லோகோ நல்லா போட்டா போதுமா"ன்னான். லோகோவை விடுடான்னு சொல்லிட்டு, நான் ட்ரை பண்ண நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அரை மணி நேரம் பேசுனேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் வழி, எல்லாரும் முதல்ல விழற குழி, ரேட்டு. எவன் 5,000 சொல்றானோ நாம 4,000 சொல்றது. நானும் சொன்னேன். புதுசா கட்டுன டபுள் பெட்ரூம் வீடு, கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, தரை பூரா சிமெண்ட் பாலும் பெயின்ட் சொட்டும். 3,000-க்கு ஒத்துக்கிட்டேன். நாலு ஆளுக்கு 700 வச்சு கூலியே 2,800, மீதி 200 ரூபால பெட்ரோல், பிளேடு, கெமிக்கல், மத்தியானம் டீ, வடை. வீட்டுக்காரருக்கு சந்தோஷம், எனக்கு முதுகுவலி. சரி, அடுத்த வேலைக்காவது கூப்பிடுவார்னு பாத்தா 2,700-க்கு இன்னொருத்தர் கிடைச்சுட்டார்னு கேள்விப்பட்டேன். ரேட்டுக்காக வந்த கஸ்டமர் ரேட்டுக்காகவே போயிடுவார், அவர் மேல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. இன்னொரு ஆபத்து என்னன்னா ரேட் குறைஞ்சா நேரத்தைக் குறைக்கணும், நேரத்தைக் குறைக்கணும்னா கை தானா ஆசிட் பாட்டிலுக்குப் போகும். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

ரெண்டாவது மெஷின். கடன் வாங்கி தரையைச் சுத்திச் சுத்தித் தேய்க்கற சிங்கிள் டிஸ்க் மெஷின், பிரஷர் வாஷர், தண்ணி உறிஞ்சற வேக்கம் மூணும் எடுத்தேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டதும் போன் வந்துச்சு, அது உண்மை, ஜனங்களுக்கு மெஷின்னா ஒரு மரியாதை. கல்யாண மண்டபத்துல அது ராஜா: நைட்டு ரிசப்ஷன் முடிஞ்சு சாம்பாரும் குங்குமமும் சந்தனமும் ஒட்டிக் கெடக்கற ஹாலை காலைல அடுத்த பார்ட்டி வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். ஆனா ஆடி மாசம் மண்டபம் காலி, மார்கழி காலி, மெஷின் மூலைல கெடக்கும், டியூ மட்டும் கரெக்டா வரும். வீட்டு பாத்ரூம் நாலுக்கு ஆறு, அதுல அந்த டிஸ்க் திரும்பவே இடம் பத்தாது, குத்துக்கால் போட்டு பிரஷ்ல தேய்க்கறதுதான். அதோட நீ வாங்குன மெஷினை எதிர்க்கடைக்காரனும் வாங்கிடுவான், ஆறு மாசம்கூட தனியா தெரிய மாட்ட.

இதோட சேத்து பெங்களூர் ஸ்டைல் ஆப் கம்பெனிகளையும் சொல்லிடணும், ஓசூர்ல புது அபார்ட்மென்ட் பக்கமெல்லாம் அதைத்தான் ஒப்பிட்டுப் பேசறாங்க. யூனிஃபார்ம், ஆன்லைன் பேமெண்ட், எத்தனை மணிக்கு வருவாங்கன்னு மெசேஜ். அவங்க கிட்ட கத்துக்க வேண்டியது நேரம்தான், பத்து மணின்னா பத்து மணி. நம்மாளுங்க பத்துன்னா பதினொண்ணரைக்கு "அண்ணா, வண்டி பஞ்சர்"ம்பாங்க. ஆனா அங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் வர்றான், நம்ம ஊர் அக்காங்களுக்கு அது பிடிக்காது. "போன தடவை வந்த அந்தத் தம்பியையே அனுப்புங்க, பீரோ ரூம்ல அவனைத்தான் விடுவேன்"னு கேக்கறாங்க. அதனால ஆளை மாத்தாம வச்சுக்கறது மெஷின் வாங்கறதைவிட பெரிய முதலீடு. மாம்பழ சீசன்ல கூழ் ஃபேக்டரிக்குப் பாதி ஆள் போயிடுவாங்க, அதுக்காகவே என் கூட இருக்கற மூணு பேருக்கு வேலை இல்லாத நாள்லயும் பாதிக் கூலி குடுத்துடறேன்.

மூணாவதுதான் நான் கடைசியா வந்து நின்ன இடம்: உப்புக்கறை. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் குடிக்க ஒகேனக்கல் தண்ணி, புழங்கறதுக்கு போர் தண்ணி, நிறைய வீட்டுல இதுதான் ஏற்பாடு. போர் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் தண்ணி காஞ்சதும் வெள்ளையா படிஞ்சுடும், பைப் மூக்கு, ஷவர் ஓட்டை, கெய்சர் கம்பி, டைல்ஸ் மேல மேப் போட்ட மாதிரி. வீட்டுக்காரங்க தெனம் பாத்து எரிச்சலாகறது தூசியைப் பாத்து இல்ல, இதைப் பாத்துதான். தூசியை அவங்களே தொடைச்சுப்பாங்க.

ஆசிட் ஊத்துனா இந்த உப்பு நுரைச்சுக்கிட்டு கரைஞ்சுடும், பாக்க சூப்பரா இருக்கும். ஆனா டைல்ஸ் நடுவுல இருக்கற சிமெண்ட்லயும் கால்சியம்தானே இருக்கு, அதையும் சேத்துத் தின்னுடும், அப்புறம் அந்த சந்துல தண்ணி எறங்கி கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் தெரியும். பைப்போட குரோம் பளபளப்பும் போயிடும். கிரானைட் நம்ம ஊர்க் கல்லு, பொங்காது, ஆனா இரும்புச்சத்து இருக்கற கல்லா இருந்தா மஞ்சள் பூத்துடும். மார்பிள் கதை இன்னும் மோசம், அதை நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன். காவேரிப்பட்டணத்துல ஒரு டீச்சரம்மா வீடு, பூஜை ரூம்ல வெள்ளை மார்பிள், விளக்கெண்ணெய் பிசுக்கு போகலன்னு நான் வெளிய போன நேரத்துல என் பையன் ஒருத்தன் ஆசிட்டை ஊத்திட்டான். சோடா மாதிரி பொங்குச்சாம். நான் வந்து பாக்கறப்ப விளக்கு வச்ச இடத்தைச் சுத்தி பாலிஷ் போய் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரன்னு ஒரு வட்டம். டீச்சரம்மா கத்தல, "ஏன் தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னு மட்டும் சொன்னாங்க. பாலிஷ்காரருக்கு 6,000 என் கையில இருந்து போச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த முறை வந்துச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவுக்குப் பின்னாடி ஒரே ஒரு டைல்ஸ், ஒரே ஒரு பைப். மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் பவுடரை ஒரு லிட்டர் சுடுதண்ணில நூறு கிராம் கலக்கி, துணில நனைச்சு பைப்ல சுத்திட்டு அரை மணி நேரம் விட்டுடுவேன். மார்பிள் இருக்கற பக்கமே கொண்டு போறதில்ல, ஏன்னா சிட்ரிக்கும் அதைத் தின்னும். துணியை எடுத்து பிரஷ்ல தேய்ச்சு வீட்டுக்காரங்க கிட்ட காட்டிட்டு அப்புறம்தான் ரேட் பேசறது. அதோட எது போகாதுன்னும் அப்பவே சொல்லிடறது: "அக்கா, இந்தக் கண்ணாடில உப்பு உள்ளயே அரிச்சிருக்கு, இந்தப் பொகை மாதிரி இருக்கறது வராது, இதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்." ஏழு வருஷத்துல எனக்கு அதிகமா போன் வாங்கிக் குடுத்தது இந்த ஒரு வாக்கியம்தான். எல்லா நோட்டீஸும் எல்லாம் போகும்னு சொல்றப்ப, போகாதுன்னு ஒருத்தன் சொன்னா அவன் சொல்ற மீதியை நம்பறாங்க.

டேங்க் வேலையும் இதே கணக்குதான். டேங்க் கழுவுனா ஃபுளோரைடு, அதான் பல்லையும் எலும்பையும் கெடுக்கற அந்த உப்பு, போயிடும்னு நோட்டீஸ் அடிக்கறவங்க இருக்காங்க, சுத்தப் பொய். ஃபுளோரைடு நிலத்தடித் தண்ணிலயே கரைஞ்சு வர்றது, கொதிக்க வச்சாலும் போகாது, அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவில அவ்வளவு பெரிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கட்டி 2013-ல தொறந்தாங்க. டேங்க் கழுவுனா போறது சேறும் பாசியும் கிருமியும். சேத்தை எடுத்து, தேய்ச்சு கழுவி, அப்புறம் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 200 கிராம் கரைச்சு ஊத்தி சில மணி நேரம் வச்சு, எறக்கி, அலசிடணும். முடிச்சுட்டு டேங்க் மேல ஒரு ஸ்டிக்கர், பைக் சர்வீஸ்ல ஆயில் மாத்துன தேதி ஒட்டுவாங்களே அதே மாதிரி, கழுவுன தேதி, அடுத்த தேதி, போன் நம்பர். ஸ்டிக்கர் ரெண்டு ரூபா. கம்பத்து நோட்டீஸைவிட எனக்கு அது நிறைய வேலை குடுத்திருக்கு, ஆறு மாசம் கழிச்சு தண்ணில வாடை வந்தா மேல ஏறுறவர் கண்ணுல முதல்ல படறது அதுதான்.

இதுல ரெண்டு விஷயத்துக்கு மட்டும் பேச்சே இல்ல. பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே நாள்ல ஒரே பாத்ரூம்ல வேண்டாம், சேந்தா குளோரின் கேஸ், நெஞ்சை அடைச்சுடும். செப்டிக் டேங்க்ல ஆளை எறக்கற வேலை எவ்வளவு காசு குடுத்தாலும் வேண்டாம், மனுஷன் கையால மலம் அள்ளறதுக்குத் தடை போட்ட 2013 சட்டப்படியே தப்பு, சட்டத்தை விடு, எறங்குனவன் வீட்டுல என்ன சொல்லுவ.

நாலாவது, ஓசூர் சிப்காட் பக்கம் மாசக் கான்ட்ராக்ட். கவுரவமான வேலை, மாசா மாசம் பில். ஆனா ஆள் பத்தைத் தொட்டா ஈஎஸ்ஐ, இருபதைத் தொட்டா பிஎஃப், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டுனா ஜிஎஸ்டி, இதெல்லாம் ரெடியா இருக்கணும். பணம் லேட்டாகும், கூலி லேட்டாகக் கூடாது. சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு, அதான் உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், போட்டுட்டு எழுத்துல அக்ரிமென்ட் வாங்குனா 45 நாளுக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்கு, கேக்கற தைரியம் வேணும், அவ்வளவுதான். ஒரு கிளினிக், ஒரு ஷோரூம்னு சின்னதா ரெண்டு கான்ட்ராக்ட் கையில இருந்தா ஆடி மாசத்தைத் தாண்டிடலாம். ஆனா அங்க நீ தனியா தெரிய மாட்ட, கொட்டேஷன்ல ஒரு வரியா இருப்ப.

அதனால மச்சான் கிட்ட சொன்னது: வயித்துக்கு ரெண்டு கான்ட்ராக்ட், பேருக்கு உப்புக்கறை, மெஷின் வேணும்ங்கற அன்னைக்கு வாடகைக்கு எடுத்துக்கோ, ரேட்டுல எவன் கூடவும் மல்லுக்கட்டாத. அவன் திரும்ப "அப்போ லோகோ?"ன்னான். டேய், முதல்ல பாலக்கோட்டுல உன் மாமியார் வீட்டு பாத்ரூம்ல ஒரு பைப்பை எடுத்து பாதிய மட்டும் கிளீன் பண்ணி போட்டோ அனுப்புன்னேன்.

நேத்து அனுப்பியிருக்கான். ஒரு பக்கம் பளபளன்னு மூஞ்சி தெரியுது, இன்னொரு பக்கம் வெள்ளை வெள்ளையா செதில். நோட்டீஸுக்கு இதையே போட்டுக்கறேன்னான். மாமியார்தான் மீதிப் பாதியை எப்போடா பண்ணுவன்னு காலைல இருந்து கேக்கறாங்களாம்.