ஒரே ஃபைபரில் போன், நெட், டிவி: கரண்ட் போனால்?

மூன்றும் ஒரே ஃபைபரில் வரும் இணைப்பின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்பகத்தன்மையில்தான் சிக்கல். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. தெருவே இருட்டானாலும் டயல் டோன் கேட்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஃபைபரில் வரும் ஒளியைப் போன், நெட், டிவி சிக்னலாக மாற்றும் வீட்டு ஓஎன்டி பெட்டி அணைந்தால் மூன்றும் சேர்ந்தே போய்விடும், அவசரத்துக்கு அந்த லேண்ட்லைனில் ஆம்புலன்ஸைக்கூடக் கூப்பிட முடியாது. வழியில் ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம் என்பது ஒரு நல்ல விஷயம்.

ஆகவே கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் சின்ன பேட்டரியான மினி யூபிஎஸ் கட்டாயம். டப்பாவில் போட்டிருக்கும் 8800 எம்ஏஎச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, சுமார் 32 வாட்-அவர்தான். 10 வாட் இழுக்கும் பெட்டிக்கு, வீணாவதைக் கழித்தால் இரண்டரை மணி நேரம் வரும். பெட்டியின் அடாப்டர் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் 1 ஆம்பியர் யூபிஎஸ் வேண்டாம். வைஃபையில் லோடு ஏறியதும் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகலாம்.

இணைப்பு கொடுக்க வருபவரைப் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவைப் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவு டிபிஎம்மில், மைனஸில் வரும்; மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் பலவீனம். வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள தொழில்நுட்பம்) பெட்டி -27 டிபிஎம் வரைதான் தாங்கும். -20 பக்கம் இருந்தால் நிம்மதி. -25 என்றால் அன்றே சரிசெய்ய வையுங்கள். பச்சை கனெக்டருக்குள் நீல முனையைச் செருகினாலும், கதவிடுக்கில் வயர் மடங்கினாலும் சிக்னல் சரியும், சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகலாம்.

ஒரு கேபிள் அறுந்தால் உதவும் மாற்றுப் பாதை பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடுகிறது. தெருவில் ஜேசிபி கேபிளை வெட்டினால் அதே கேபிளை நம்பியிருக்கும் அந்தக் கம்பெனியின் மொபைல் டவரும் படுக்கலாம். கையில் வைத்திருக்கும் சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும்.